கீழ்த்தளத்தில் புதிய குளியலறை: தோண்டுவதா, தூக்குவதா, உயர்த்துவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் சரிவில் கட்டிய வீடுகளைத் தெருவிலிருந்து பார்த்தால் ஒரு தளம்தான் தெரியும். பின்பக்கம் இறங்கினால் இரண்டு. கீழே இருப்பது பழைய சாமான் போட்டு வைத்த அறையாகவோ கார் நிறுத்தும் இடமாகவோ இருக்கும். படி ஏற முடியாத பாட்டிக்கோ, புதிதாகக் கல்யாணமான மகனுக்கோ அதை ஒரு சிறு குடித்தனமாக மாற்ற நினைக்கும்போது குளியலறையில் வந்து நின்றுவிடுகிறார்கள். அங்கே தண்ணீர்க் குழாயும் இல்லை, கழிவுக் குழாயும் இல்லை.

தண்ணீரைக் கொண்டுவருவது சுலபம். அழுத்தத்தில் வருவதால் சுவரைச் சுற்றியும் வரும், கூரை வழியாகவும் இறங்கும். கஷ்டமெல்லாம் போகிற தண்ணீரில்தான். "எந்தப் பம்பு நல்லது?" என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். பம்பு வேண்டுமா என்பதையே இன்னும் யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். பாதிப் பேருக்குப் பம்பே தேவைப்படாமல் போகலாம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, அறையின் தரைக்கும் கழிவுநீர்ச் சேம்பருக்கும் (வெளியே கழிவுக் குழாய்கள் வந்து சேரும் மூடியுள்ள தொட்டி) உள்ள உயர வித்தியாசம். இரண்டு, மின்சாரம் போனால் என்ன ஆகும். மூன்று, யார் பயன்படுத்தப் போகிறார்கள், நாள் கிழமைகளில் எத்தனை பேர். நான்கு, கூரை உயரமும் தரை ஈரமும். ஐந்து, பத்து வருஷப் பராமரிப்பும், நாளை வீட்டை விற்கும்போது கேட்கப்படும் காகிதங்களும்.

முதலாவதைத் தெரிந்துகொள்ளாமல் மற்ற நான்கைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

## முதலில் மட்டம் பாருங்கள்

கொத்தனார்கள் பயன்படுத்தும் மட்டக்குழாய் போதும். உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் குழாய், 10 மி.மீ. குறுக்களவு, 20 மீட்டர் நீளம். தண்ணீரில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் கலந்தால் மட்டம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். வாளியை உயரத்தில் வைத்து ஒரு முனையிலிருந்து மெதுவாக நிரப்புங்கள். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் அளவு தப்பிவிடும். குழாயை விரலால் தட்டித் தட்டி வெளியேற்ற வேண்டும். இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தால் தண்ணீர் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நின்றால் குழாய் தயார்.

அறைச் சுவரில், டைல்ஸ் போட்ட பிறகு தரை எங்கே வருமோ அந்த மட்டத்திலிருந்து சரியாக 1 மீட்டர் மேலே கோடு போடுங்கள். குழாயின் ஒரு முனைத் தண்ணீர் அந்தக் கோட்டில் நிற்கட்டும். மறு முனையை வெளியே சேம்பருக்கு மேல் ஒருவர் பிடிக்கட்டும். அங்கே தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து சேம்பருக்குள் ஓடும் குழாயின் அடிமட்டம் வரை டேப் பிடியுங்கள். 1.82 மீட்டர் வந்தால், சேம்பரின் அடி உங்கள் தரையைவிட 82 செ.மீ. கீழே இருக்கிறது.

இனி கணக்கு. தரையில் இறங்கும் கழிப்பறைக் கோப்பைக்குக் கீழே பெண்டும் (வளைவுக் குழாய்) 110 மி.மீ. குழாயும் உட்கார ஏறக்குறைய 35 செ.மீ. ஆழம் வேண்டும். அதன்பின் வாட்டம், அதாவது குழாயின் சரிவு. 110 மி.மீ. குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று (40 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. இறக்கம்) நல்ல வாட்டம். அறுபதுக்கு ஒன்று வரை இறங்கலாம். கோப்பையிலிருந்து சேம்பர் 14 மீட்டர் தள்ளி இருந்தால், நாற்பதுக்கு ஒன்றில் 35 செ.மீ. இறக்கம். ஆக மொத்தம் 70 செ.மீ. உங்களிடம் இருப்பது 82. தண்ணீர் தானாகவே போய்விடும், பம்பு வேண்டாம். சேம்பர் 60 செ.மீ. ஆழத்திலேயே இருந்தால், அறுபதுக்கு ஒன்றில் 23 செ.மீ. இறக்கத்தோடு 58 ஆகிறது. முடியும், ஆனால் ஒவ்வொரு மீட்டருக்கும் ரசமட்டம் வைத்துப் பதிக்கும் பிளம்பர் வேண்டும். 50 என்றால் தோண்டும் எண்ணத்தை விட்டுவிடலாம்.

சரிவு வீடுகளில் சில இடங்களில் பொதுக் கழிவுநீர்க் குழாய் தெருவில் இல்லாமல், பின்பக்கம் இரண்டு வரிசை மனைகளுக்கு நடுவே ஓடும். அப்படி இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். தெருப்பக்கச் சேம்பரை மட்டும் பார்த்துவிட்டுப் பம்புக்கு ஓடாதீர்கள். டர்பனின் ஈதெக்வினி மாநகராட்சியில் உங்கள் மனையின் வடிகால் வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு அளவும் எடுக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். பொதுக் குழாயில் உங்கள் இணைப்புக்கு அருகிலுள்ள மேன்ஹோலின் மூடி எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பொதுக் குழாய் அடைத்துக்கொண்டால் கழிவுநீர் பின்னோக்கி ஏறி, இருப்பதிலேயே தாழ்ந்த வாய் வழியாக வெளியே வரும். அந்த மூடி உங்கள் கீழ்த்தளத் தரையைவிட உயரத்தில் இருந்தால், மூடி வழியாகத் தெருவில் வழிவதற்கு முன் அது உங்கள் குளியலறையில் வழியும். அப்படிப்பட்ட அறைக்கு, தண்ணீர் தானாகப் போனாலும், திரும்பாத வால்வு கட்டாயம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனில் கழிவுநீர்க் குழாய்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் சேதமடைந்ததைப் பார்த்தோம். அடுத்த பெருமழைக்கு இதை இப்போதே யோசிக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | தோண்டுவது | தரையை உயர்த்துவது | சிறிய அரைப்பான் பம்பு | தரைக்கடியில் சம்ப் |
|---|---|---|---|---|
| சேம்பர் இருக்க வேண்டிய மட்டம் | தரைக்கு 60–70 செ.மீ. கீழே | தரை மட்டத்துக்குச் சற்றுக் கீழே | தரைக்கு மேலேயும் இருக்கலாம் | தரைக்கு மேலேயும் இருக்கலாம் |
| மின்சாரம் போனால் | கவலையில்லை | கவலையில்லை | உடனே நிறுத்த வேண்டும் | சிறிது நேரம் தாங்கும் |
| தரையை உடைப்பது | அதிகம் | இல்லை | இல்லை | ஓர் இடத்தில் ஆழமாக |
| முதியவர்களுக்கு | மிக நல்லது | படி வரும் | குளிக்கும் இடம் உயரும் | நல்லது |
| பத்து வருஷத்தில் | ஏறக்குறையச் செலவில்லை | ஏறக்குறையச் செலவில்லை | பம்பு மாற்ற நேரலாம் | வருடாந்தரச் சுத்தம், பம்பு |

## தோண்டுவது

மட்டம் இடம் கொடுத்தால் வேறு வழியே யோசிக்க வேண்டாம். தூசியும் சத்தமும் இரண்டு வாரம். அதன்பின் முப்பது வருஷத்துக்கு அதை மறந்துவிடலாம்.

காங்கிரீட்டைக் கண்டபடி உடைக்காமல், வைரப் பல் சக்கரத்தால் 50 செ.மீ. இடைவெளியில் இரண்டு நேர்கோடு அறுத்து, நடுவில் உள்ளதை மட்டும் எடுக்க வேண்டும். தரைக்கடியில் ஈரம் ஏறாமலிருக்க 250 மைக்ரான் பிளாஸ்டிக் விரிப்பு இருக்கும். அதைக் கிழிக்காமல் மடித்து வைத்து, மூடும்போது புதுத் துண்டை இருபக்கமும் 15 செ.மீ. ஏறும்படி ஒட்ட வேண்டும். அவசரத்தில் இதைச் செய்யாத இடங்களில்தான் ஒரு வருஷம் கழித்து, குழாய் போன பாதை முழுக்க டைல்ஸ் இடுக்கில் வெள்ளை உப்பு பூக்கிறது. எல்லோரும் குழாய் ஒழுகுகிறது என்று நினைப்பார்கள். ஏறி வருவது மண்ணின் ஈரம்.

குழாய்க்கு அடியில் 10 செ.மீ. கல்லில்லாத மணல். திருப்பங்களில் T வடிவ இணைப்பு போடாமல் Y வடிவ இணைப்பு போட வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் கம்பி விட்டுக் குத்த ஒரு மூடி இருக்க வேண்டும். அந்த மூடி குளியலறைக்குள் வராமல் வெளியே வந்தால் நல்லது. அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் தோண்டும்போது மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். அஸ்திவாரத்தின் அடி விளிம்பிலிருந்து 45 பாகையில் சாய்வாக ஒரு கோடு இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளம் அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் பொறியாளர் வராமல் ஒரு மண்வெட்டி மண்ணும் எடுக்கக்கூடாது. கீழ்த்தளச் சுவர் மேல்வீட்டை மட்டும் தாங்கவில்லை. பின்னால் இருக்கும் சரிவு மண்ணையும் தாங்கி நிற்கிறது.

மறைந்திருக்கும் செலவு மண்ணில் இருக்கிறது. 12 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், சராசரி 60 செ.மீ. ஆழம் என்றால் 3.6 கன மீட்டர். தோண்டிய மண் உப்பி நாலரைக்கு மேல் ஆகும். ஒரு டன் பக்கியில் (பிக்கப் வண்டி) ஏழெட்டு நடை. வண்டி பின்வாசல் வரை வராத மனையாக இருந்தால், அத்தனையையும் படிக்கட்டில் ஆள் சுமந்து ஏற்ற வேண்டும். விலை கேட்கும்போது இதைத் தனியாகக் கேளுங்கள்.

## தரையை உயர்த்துவது

இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. சேம்பர் தரையைவிடக் கொஞ்சமே தாழ்ந்திருக்கும் வீடுகளுக்கு இது மலிவான வழி.

சூட்சுமம் கோப்பையில் இருக்கிறது. கீழே இறங்கும் கோப்பைக்குப் பதில் பின்பக்கம் வாய் உள்ள கோப்பை வாங்கினால், அந்த வாய் தரைக்கு மேலே சுமார் 18 செ.மீ. உயரத்தில் இருக்கும். கோப்பையைச் சரிவுப் பக்கத்து வெளிச்சுவரை ஒட்டி வைத்தால், சுவரில் ஒரு துளையோடு குழாய் வெளியே போய்விடும். தரையைத் தொடவே வேண்டாம். கைகழுவும் தொட்டியும் அப்படியே போகும். சிக்கல் குளிக்கும் இடத்தில்தான்: அதன் வடிகாலுக்கு அடியில் டிராப்பும் (நாற்றம் ஏறாமல் தண்ணீர் நிற்கும் வளைவு) குழாயும் நுழைய 15 முதல் 20 செ.மீ. வேண்டும். அந்த மூலையை மட்டும் உயர்த்தலாம், அல்லது முழு அறையையும் உயர்த்தலாம்.

தென்னாப்பிரிக்கக் கட்டட விதிகளில் குளியலறைக் கூரைக்கு 2.1 மீட்டர் உயரம் வேண்டும், புழங்கும் அறைக்கு 2.4. இப்போது 2.35 இருக்கும் அறையில் 20 செ.மீ. உயர்த்தினாலும் குளியலறையாகச் செல்லும். 2.25 மட்டுமே இருந்தால் முடியாது.

பாட்டிக்காகக் கட்டுகிறீர்கள் என்றால் இந்த 20 செ.மீ. படியை நன்றாக யோசியுங்கள். ஈரக்காலோடு இறங்கும் படி அது. சாய்தளம் போடுவதென்றால் பன்னிரண்டுக்கு ஒன்று சரிவில் 2.4 மீட்டர் நீளம் வேண்டும். சின்ன அறையில் அது கதவைத் தாண்டிப் போய்விடும்.

## சிறிய அரைப்பான் பம்பு

கடைகளில் சானிஃப்ளோ என்ற பெயரிலேயே பலரும் கேட்பது இந்த வகைதான். கோப்பைக்குப் பின்னால் ஒரு சிறு பெட்டி. உள்ளே கத்தியும் பம்பும். அரைத்த கழிவை 32 மி.மீ. அளவுக் குழாயில் நாலைந்து மீட்டர் உயரத்துக்குத் தள்ளும். தரையை உடைக்காமல் ஓரிரு நாளில் முடிந்துவிடுவதுதான் இதன் பெரிய கவர்ச்சி. மின்செலவும் பயப்படும் அளவில்லை: 400 வாட் மோட்டார் ஒரு தடவைக்குக் கால் நிமிடம்கூட ஓடாது.

கவனிக்க வேண்டியவை வேறு. குழாய் பெட்டியிலிருந்து கிளம்பியதும் முதலில் நேராக மேலே ஏற வேண்டும், பிறகுதான் கிடையாகப் போக வேண்டும். முதலில் கிடையாக ஓட்டிவிட்டுப் பிறகு ஏற்றினால் பம்பு திணறும். கிடைப்பகுதிக்கு நூறுக்கு ஒன்று வாட்டம் கொடுங்கள். 90 பாகை எல்போ ஒன்றுக்குப் பதில் 45 பாகை இரண்டு.

குளிக்கும் இடத்தையும் இதே பெட்டியில் சேர்த்தால், பெட்டியின் வாய் தரைக்கு மேலே இருப்பதால் குளிக்கும் தட்டை 15 செ.மீ. அளவுக்கு உயர்த்த வேண்டிவரும். விளம்பரப் படத்தில் இது கண்ணில் படாது. முட்டிவலிக்காரர்களுக்கு இது தினசரித் தொந்தரவு.

நம் வீட்டுப் பழக்கமும் இதற்கு ஒத்துவருவதில்லை. தீபாவளிக்கு எண்ணெய்க் குளியல் என்றால் நாலைந்து தலை எண்ணெய், உதிர்ந்த முடி, சீயக்காய்த் தூள் எல்லாம் சூடான தண்ணீரோடு பெட்டிக்குள் போகும். தண்ணீர் ஆறியதும் எண்ணெய்ப் பிசுக்கு முடியைக் கயிறாகத் திரித்து கத்தியில் சுற்றிவிடும். குளிக்கும் இடத்து வடிகாலில் எடுத்துக் கழுவக்கூடிய முடிவலை இல்லாமல் இந்தப் பம்பை வைக்காதீர்கள். ஈரத்துடைப்பான், நாப்கின், காதுகுடையும் பஞ்சு எதுவும் கோப்பைக்குள் போகக்கூடாது. விருந்தாளிக்கும் தெரியும்படி ஒரு மூடியுள்ள கூடை பக்கத்திலேயே வையுங்கள். அடைப்பு நீக்கும் காரப் பொடியைக் கொட்டினால் உள்ளே இருக்கும் ரப்பர் போய்விடும்.

மின்சாரம் இல்லையென்றால் கோப்பையும் இல்லை. 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு நாடு தழுவிய மின்வெட்டு வெகுவாகக் குறைந்துவிட்டது உண்மை. ஆனால் கேபிள் திருட்டும் டிரான்ஸ்ஃபார்மர் பழுதும் நிற்கவில்லை. இன்வெர்ட்டரில் மாட்டலாம், மோட்டார் கிளம்பும்போது ஓடும் மின்னோட்டத்தைப்போல் பல மடங்கு இழுக்கும் என்பதால் சின்ன இன்வெர்ட்டர் விழுந்துவிடும்.

ஆகவே இதை மேலே இன்னொரு கழிப்பறை இருக்கும் வீட்டில், இரண்டாவது வசதியாக வைப்பது பொருத்தம். கீழே குடியிருப்பவருக்கு இதுவே ஒரே கழிப்பறை என்றால் வேண்டாம்.

## தரைக்கடியில் சம்ப்

சேம்பர் மேலே இருக்கிறது, கீழே முழுக் குடித்தனம் நடக்கப் போகிறது என்றால் சரியான விடை இது. தரையில் ஒரு குழி, அதில் பிளாஸ்டிக் தொட்டி, உள்ளே திடக்கழிவைக் கடத்தும் பம்பு, மிதவை சுவிட்ச். குளியலறைக் குழாய்கள் எல்லாம் வாட்டத்தில் தொட்டிக்கு வரும். தொட்டியிலிருந்து 50 மி.மீ. குழாய் மேலே சேம்பருக்குத் தள்ளும். குளிக்கும் இடம் தரையோடு தரையாகவே இருக்கலாம். சக்கர நாற்காலியும் போகும்.

தொட்டி பெரிது என்பதால் மின்வெட்டைத் தாங்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். கணக்குப் பாருங்கள். 200 லிட்டர் தொட்டியில் பம்பு கிளம்பும் மட்டத்துக்கு மேல் மிஞ்சியிருப்பது 100 லிட்டர் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஊற்றும் ஷவரில் ஐந்து நிமிடம் குளித்தால் 50 லிட்டர். இரண்டு பேர் குளித்தால் தொட்டி நிரம்பிவிட்டது. ஒன்பது லிட்டர் ஃபிளஷ் என்றால் பதினோரு தடவை. காவடி அன்று வீட்டில் முப்பது பேர் இருக்கும்போது இது அரைமணி நேரக் கதை. அதனால் தொட்டி நிறைகிறது என்று சத்தம் போடும் அலாரம் கட்டாயம் வேண்டும். அது தனி பேட்டரியில் ஓட வேண்டும், குளியலறையில் இல்லாமல் மேலே சமையலறையில் ஒலிக்க வேண்டும்.

பம்புக்கு மேலே முதலில் திரும்பாத வால்வு, அதற்கு மேலே மூடும் வால்வு. இரண்டும் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மூடும் வால்வு இல்லாமல் பம்பைக் கழற்றினால், குழாயில் நிற்கும் கழிவு முழுதும் கழற்றுபவர் மேல் இறங்கும். தொட்டிக்குத் தனிக் காற்றுக்குழாய் கூரைக்கு மேலே வரை போக வேண்டும். செலவைக் குறைக்க இங்கே காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வைப் பொருத்துகிறார்கள், அது தவறு. தொட்டி நிரம்பும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல், டிராப்பில் இருக்கும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நாற்றத்தோடு அறைக்குள் வரும்.

மூடியை டைல்ஸுக்கு அடியில் மறைக்காதீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து மிதவையைக் கழுவ வேண்டும். மிதவையில் கொழுப்புப் படிந்து அது மேலே எழாமல் நின்றுவிடுவதுதான் இந்த அமைப்பில் அடிக்கடி வரும் பழுது. பம்பில் கோளாறே இருக்காது.

## எந்த வழியானாலும் கூடவே வரும் செலவுகள்

குளியலறை சேர்ப்பதற்கு மாநகராட்சியில் வரைபட ஒப்புதல் வேண்டும். 1977-ஆம் ஆண்டின் 103-ஆம் எண் கட்டடச் சட்டம் அதைக் கேட்கிறது. பதிவு பெற்ற பிளம்பரிடம் இணக்கச் சான்றிதழ் வாங்குங்கள். மின்சாரச் சான்றிதழ் இல்லாமல் வீட்டை விற்கவே முடியாது. பம்புக்குத் தனி இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்பும் வேண்டும்.

கீழே புதுக் கீசர் வைத்தால் அடியில் தட்டும், பாதுகாப்பு வால்வும், இரண்டிலிருந்தும் வெளியே வடியும் குழாயும் கேட்பார்கள். மேலே இருக்கும் கீசரிலிருந்தே 22 மி.மீ. குழாயில் 12 மீட்டர் இழுத்தால், ஒவ்வொரு தடவையும் வெந்நீர் வருவதற்கு முன் ஏறக்குறைய நாலு லிட்டர் பச்சைத் தண்ணீர் ஓடிவிடும். 15 மி.மீ. என்றால் இரண்டு லிட்டருக்குள்.

காற்று: திறக்கும் ஜன்னல் தரைப்பரப்பில் 5 சதவீதமாவது இருக்க வேண்டும். சின்ன குளியலறைக்கு 60-க்கு 40 செ.மீ. ஜன்னல் போதும். டர்பன் ஈரக்காற்றில் அதோடு ஒரு விசிறியும் வைத்தால்தான் கூரையில் பூஞ்சை வராது.

ஈரம் இருக்கிறதா என்று இன்றே பார்க்கலாம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பிளாஸ்டிக் தாளைத் தரையில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அடியில் துளி கோத்திருந்தால் மண் ஈரம் ஏறுகிறது. சரிவுப் பக்கச் சுவரிலும் ஒட்டிப் பாருங்கள். அந்த ஈரத்தை நிறுத்தாமல் டைல்ஸ் போட்டால் பணம் வீண்.

முற்றத்து மழைநீரைக் கழிவுக் குழாயில் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அது சட்டப்படி தவறு. கீழ்த்தளக் குளியலறை இருக்கும் வீட்டில் ஆபத்தும்கூட: பெரிய மழையில் உங்கள் கூரைத் தண்ணீரே உங்கள் கோப்பை வழியாக ஏறி வரும்.

## மூடுவதற்கு முன்

குழாய்களை மண்ணாலும் சிமெண்டாலும் மூடுவதற்கு முன் மாநகராட்சி ஆய்வாளர் பார்க்க வேண்டும். அவர் வருவதற்கு முந்தின நாள், கழிவுக் குழாயின் கீழ் முனையை அடைத்து, மேல் வாய் வரை தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு இரவு முழுக்க விடுங்கள். காலையில் தண்ணீர் கோட்டிலேயே நின்றால் மூடலாம். ஒரு விரற்கடை இறங்கியிருந்தாலும், எந்த மூட்டு என்று கண்டுபிடிக்காமல் கொத்தனாரை உள்ளே விடாதீர்கள். ஒவ்வொரு குழாயின் பக்கத்திலும் டேப்பை விரித்து வைத்து, சுவரிலிருந்து எத்தனை செ.மீ. என்று தெரியும்படி படம் எடுத்து, சான்றிதழ்களோடு சேர்த்து வையுங்கள்.